டிரைவர் பக்கத்துக் கறுப்புக் கயிறு

கண்டரமாணிக்கத்துச் சின்னச்சாமியிடம் பழைய ஆம்னி வேன் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் புதுவயல் மில்களிலிருந்து அரிசிச் சிப்பம் ஏற்றி ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்ட வண்டி. அதெல்லாம் போன கதை. இப்போது அந்த வேனுக்கு ஒரே வேலைதான். அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளைக் காரைக்குடிக்குக் கொண்டுபோய், ரத்தம் சுத்தம் பண்ணும் மிஷினில் படுக்க வைத்து, திரும்ப வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது. வாரத்தில் மூன்று நாள். ஒரு நாள் தவறினால் முகம் வீங்கும். அடுத்ததும் தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, சின்னச்சாமியும் கேட்கவில்லை.

பஸ் இல்லையா, ஆட்டோ இல்லையா என்று கேட்கிற புத்திசாலிகள் ஊரில் நிறைய. அவர்கள் ஒரு நாள் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பார்க்கட்டும். மிஷினை விட்டு எழுந்தால் அவளுக்குத் தலை நிற்காது. ஒரு தடவை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் வேரறுந்த மரமாய்ச் சாய்ந்தாள். அன்றைக்கே சின்னச்சாமி வேனின் நடு சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டான். வாடகை, லோடு என்று எவன் கூப்பிட்டாலும் போவதில்லை. பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள், இரண்டு பேருக்கும் அந்த வேன்.

அப்படிப்பட்ட வேனின் முன்கண்ணாடியைத்தான் ஒரு ஜல்லி லாரி உடைத்தது. வேண்டுமென்று இல்லை. முன்னால் போன லாரியின் டயரில் மாட்டிய கல் ஒன்று தெறித்து முன்கண்ணாடியில் டிரைவர் பக்கமாக வந்து அடித்தது. பழைய கண்ணாடி, பொலபொலவென்று கொட்டிவிட்டது. சின்னச்சாமியின் மடி முழுக்கத் தூள், மீசையில் கூடத் தூள். புருவத்துக்கு மேலே ஒரு கீறல், அவ்வளவுதான். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரிக்கக்கூட முயன்றான். பின்னால் படுத்திருந்த ஒச்சம்மாள் போட்ட சத்தத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கும் தேவா புதுக் கண்ணாடி போட ஒத்துக்கொண்டான். நல்ல பையன், வாய் கொஞ்சம் அதிகம். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருந்த பழைய ரப்பர் பீடிங்கைப் பிய்த்து எடுத்து, சட்டத்தில் இருந்த துருவைச் சுரண்டிவிட்டு, கண்ணாடியைத் தூக்கப் போன நேரத்தில் ஒச்சம்மாள் குறுக்கே வந்து நின்றாள். கையில் ஒரு கறுப்புக் கயிறு. ஊர்க் காளி கோயிலில் ஆத்தா காலடியில் வைத்து வாங்கி வந்தது.

"கொஞ்சம் பொறு தம்பி. இதக் கட்டிட்டு அப்பறம் கண்ணாடியப் போடு" என்றாள்.

கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிற இரும்புச் சட்டத்தில், டிரைவர் பக்கத்தில், கைக்குக் கயிறு கட்டுவதுபோல மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். "இது தானா அத்து விழுகணும். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது" என்றாள். தேவா கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் மேலேயே பீடிங்கை அழுத்திக் கண்ணாடியை உட்கார வைத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாமி காரியம் முடிந்த திருப்தியில் மூவரும் டீ குடித்தார்கள். ஒச்சம்மாள் மட்டும் அரை டம்ளர்.

ஐப்பசி மழை வந்தது. வண்டி ஒழுக ஆரம்பித்தது.

ஒழுகினால் ஒழுகிவிட்டுப் போகிறது, துண்டைப் போட்டுத் துடைக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இறங்கி நேராகப் பியூஸ் பெட்டியில் போய் நின்றது. வண்டி இருமும், குலுங்கும், நின்றுவிடும். முதல் தடவை நின்றபோது சின்னச்சாமி தேவாவை வாயில் வந்தபடி ஏசினான். "கண்ணாடி போடச் சொன்னா சல்லடை போட்டு வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு தொழில்காரனா?" தேவா முனகாமல் சுற்றிலும் சிலிக்கான் பூசிக் கொடுத்தான். அடுத்த மழைக்கும் ஒழுகியது. கண்ணாடியையே கழற்றி, புது பீடிங் வாங்கிப் போட்டான். கயிற்றை மட்டும் இம்மிகூட நகர்த்தாமல், அதே இடத்தில், அதே பக்தியோடு விட்டுவைத்தான். அதற்கும் ஒழுகியது.

ஒச்சம்மாளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அந்த அளவைக் காவல் காக்கிற கொடுமைக்காரன் சின்னச்சாமி. மழை நாளில் வேனில் உட்கார்ந்து, அவன் முழங்காலில் சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீரை அவள் உதட்டை நக்கிக்கொண்டு பார்ப்பாள்.

"எனக்கு ஒரு மடக்கு தரமாட்டேங்கிறீக. வண்டிய மட்டும் வயிறு முட்டக் குடிக்க விடுறீக" என்பாள்.

சின்னச்சாமி சிரிப்பான். சிரித்த கையோடு துண்டை எடுத்து முழங்காலைத் துடைத்துக்கொள்வான்.

மூன்றாவது தடவை போனபோது தேவா பட்டறை வாசலிலேயே அவனை நிறுத்தினான். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிராதீக. அந்தக் கயித்து வழியாத்தான் வருது. திரி மாதிரி இழுக்குது. ரப்பர் அந்த எடத்துல படியவே மாட்டேங்குது. மொதல்லயே சொல்லிருக்கணும். சாமி கயிறு, வாய் வரல."

சின்னச்சாமிக்கு அது தெரியாதா? இரண்டாம் மழையிலேயே கண்ணால் பார்த்தான். கயிற்றின் முடிச்சில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவள் ஆத்தாளிடம் போய் உயிர்ப்பிச்சை கேட்டு வாங்கி வந்து கட்டிய கயிறு. அதை எடுத்த மறுநாள் அவளுக்கு ஒன்று என்றால்? தேவாவுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

"கயித்துல கை வச்சே, கைய ஒடிச்சிருவேன். அது அவ உசுருடா!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

தார்ப்பாயை மடித்துக் கண்ணாடி ஓரத்தில் சொருகினான். பிளாஸ்டிக் பையை வெட்டிப் பியூஸ் பெட்டிக்குக் குடை போட்டான். எம்-சீல் பசையை உருட்டி ஓட்டையில் ஒட்டினான். மனுசன் செய்யாத கோமாளித்தனம் இல்லை, அந்த ஒன்றைத் தவிர. அந்த வாரம் ஒரு நாள் வாசலிலேயே வண்டி நின்றுபோனது. எவ்வளவு முக்கியும் கிளம்பவில்லை. மிஷின் தவறிவிட்டது.

இரவெல்லாம் ஒச்சம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். படுத்தால் மூச்சு வாங்கியது. விடிந்ததும் சொன்னாள், "போதும், விட்டுருங்க. வண்டியும் பாவம், நீகளும் பாவம். நான் இனிமே வரல."

"வாய மூடு" என்றான் சின்னச்சாமி. அவளைத் தூக்கி வந்து முன் சீட்டில் உட்கார வைத்தான். படுக்கத்தான் முடியாதே. ராத்திரி மழை விட்டுக் காய்ந்திருந்த வண்டி எப்படியோ கிளம்பியது.

குன்றக்குடி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் அடிக்க அடிக்கத் தண்ணீர் கண்ணாடியை மறைத்தது. சொட்டு முழங்காலில் விழுந்தது, அப்புறம் தாரையாகவே விழுந்தது. வண்டி இருமியது. "ஆத்தா, ஆத்தா, நிப்பாட்டிராத" என்று அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கெஞ்சினான். வண்டி நின்றது.

சாவியைத் திருப்பினான். செத்த பிணமாய்க் கிடந்தது. போன் போட்டான். மழை விட்டதும் வருகிறேன் என்றான் ஒரு ஆட்டோக்காரன், இன்னொருவன் எடுக்கவே இல்லை. நூற்றெட்டுக்கு அடித்தால், வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். கையைக் காட்டியும் நிற்காமல் சேற்றை வாரி இறைத்துவிட்டு ஒரு பஸ் போனது. நாசமாய்ப் போக என்று பஸ்ஸைத் திட்டினான், மழையைத் திட்டினான், கடைசியில் காளியையும் திட்டினான். திட்டிவிட்டுப் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பக்கத்தில் ஒச்சம்மாள் வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தாள். உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது.

டேஷ்போர்டுக்குள் சிப்பம் பிரிக்கிற பழைய கத்தி கிடந்தது. எடுத்தான். கயிற்றைப் பார்த்தான். வைத்துவிட்டான். மறுபடி எடுத்தான். அறுக்காவிட்டால் இங்கேயே போய்விடுவாள். அறுத்தாலும் போய்விட்டால், அவன் கையாலேயே கொன்ற மாதிரி. தெய்வமே, யாருக்கும் இப்படி ஒரு நேரம் வரக்கூடாது. கத்தியை மறுபடியும் கீழே வைத்தான்.

"எதுக்குக் கத்திய எடுத்து எடுத்து வைக்கிறீக?" என்றாள் ஒச்சம்மாள்.

இனி மறைத்து என்ன? "கயித்து வழியாத்தான் தண்ணி வருது. முன்னாடியே தெரியும். எப்புடிடி நான் அத அறுப்பேன்? ஒன் உசுருல்ல அது."

"எது என் உசுரு?"

"நீ கட்டுன கயிறு. பொழச்சுக் கெடக்கணும்னு ஆத்தாகிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தீல்ல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த மூச்சிலும் அவளுக்குக் கோபம் வந்தது.

"கண்ணாடி யாரு மடியில கொட்டுச்சு? கயித்த எந்தப் பக்கம் கட்டுனேன்? கண்ணு இருக்குல்ல ஒங்களுக்கு? எனக்குன்னு நான் வேண்டி எவ்வளவோ நாளாச்சு. எனக்குத்தான் மிஷினு இருக்கே." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒங்களுக்கு என்ன இருக்கு? அதான் கட்டுனேன்."

கயிறு அவன் தலைக்கு நேரே, அவன் பக்கத்துச் சட்டத்தில்தான் இருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது. அவன் அதை அவளுடைய கயிறு என்றே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கில் தலையை வைத்து, வெட்கம் கெட்டு, வாய்விட்டு அழுதான்.

"அழுறத அப்பறம் வச்சுக்கங்க. கத்தியக் கொண்டாங்க இங்குட்டு."

"வேணாம்டி. தானா அத்து விழுகணும்னு சொன்னே."

"நான் கட்டுனது, நானே அறுக்குறேன். ஆத்தா கேட்டா என்னயக் கேட்டுக்கிரட்டும். ஒங்க பக்கம் வரமாட்டா."

எக்கி, அவன் தோளில் கையை ஊன்றி, முடிச்சுக்குக் கீழே கத்தியைக் கொடுத்தாள். ஊறிப்போன கயிறு லேசில் அறவில்லை. அறுந்ததும் சின்னச்சாமி நுனியைப் பிடித்து இழுத்தான். ரப்பருக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தது. இறங்கி நின்று, நனைந்தபடியே, பீடிங்கைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் படிய வைத்தான். உள்ளே வந்து அவள் முந்தானையின் காய்ந்த ஓரத்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்து மாட்டினான். சாவியைத் திருப்பினான். இருமல். மறுபடி இருமல். அப்புறம் பிடித்துக்கொண்டது.

காரைக்குடி வரைக்கும் அவன் சாலையைப் பார்த்ததைவிட அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததுதான் அதிகம். கண்ணாடியைப் பார்க்க மறந்தே போனான்.

நர்ஸ் யோகலட்சுமி வாசலிலேயே பிடித்துக் கத்தினாள். "ஏண்ணே, இந்த நெலமையிலயா கொண்டு வருவீக? இன்னும் செத்த நேரம் ஆயிருந்தா என்ன பண்ணுறது?" கத்திக்கொண்டே ஆக்சிஜனை மாட்டி, ஊசியைக் குத்தி, மிஷினைப் போட்டுவிட்டாள். சின்னச்சாமி சுவரோரமாய் நின்றான். ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. இன்றைக்குப் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள், அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நெடுநேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"கயிறு எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அவள் கையை நீட்டச் சொன்னாள். ஊசி இல்லாத ஒரு கையால் அவளால் முடிச்சுப் போட முடியவில்லை. அவள் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, அவன் இன்னொரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, தன் மணிக்கட்டில் தானே கட்டிக்கொண்டான்.

"வண்டி ஒழுகுச்சா?" என்றாள்.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. முழங்காலைத் தடவிப் பார்த்தான். மழையில் நின்ற ஈரம்தான். வழியெல்லாம் புதிதாய் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"ஒழுகல."

ஒச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப நாளக்கழிச்சும் வருவோம்" என்றாள்.