கடற்குதிரைப் பரீட்சை

பக்கத்து நகரத்தைப் பற்றி யாராவது என் முன்னால் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். குறை சொல்ல நிறைய இருக்கிறது என்பது வேறு விடயம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறந்திருக்காது. பேருந்து வந்தால் வந்ததுதான். ஆனால் அந்த ஊர் எரிந்து, மறுபடி எழும்பியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்ததோடு நிற்காமல், எட்டு வயதில் அதன் விழாவிலும் மூக்கை நுழைத்தேன்.

நாங்கள் இருந்தது ஜெர்மனியில், ஹனோவர் நகருக்கு வடக்கே, பைன் காடுகளுக்கு நடுவில் ஒரு கிராமம். ஒரு தேவாலயம், நிறைய மாடுகள், ஒரேயொரு தமிழ்க் குடும்பம். மற்ற எல்லாவற்றுக்கும் பக்கத்து நகரம்தான். அங்கிருந்த திறந்தவெளி நீச்சல் குளத்தில் நான் கடற்குதிரை எடுக்க வேண்டியிருந்தது. நீந்தப் பழகிய பிள்ளைகள் நீச்சலுடையில் தைத்துக்கொள்ளும், கடற்குதிரைப் படம் போட்ட சின்னத் துணி வில்லை அது. குதித்து, மறுமுனைவரை நீந்தினால்தான் கிடைக்கும். அடுத்த வருடம் வகுப்போடு கடலுக்குப் போவதாக இருந்தது. கடற்குதிரை இல்லாதவர்கள் கரையில் ஆசிரியையோடு சிப்பி பொறுக்க வேண்டும். வகுப்பில் அது இல்லாதவள் நான் மட்டும்தான்.

பாதிக் குளத்தில் பயம் வந்து விளிம்பைப் பிடித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பாடேமைஸ்டர், அதாவது குளத்துக்குப் பொறுப்பானவர், மீசையைத் தடவிக்கொண்டு "அடுத்த கிழமை" என்பார். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. அதனால் கரையில் நின்று கத்துவார்.

"காலை அடி, காலை அடி! பயப்பிடாதை, நான் நிக்கிறன்தானே!"

எனக்கிருந்த பயத்தில் பாதி அதனால்தான்.

அந்தக் கோடையில் மழையே பெய்யவில்லை. அடுத்த பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது காடு பற்றிக்கொண்டது. எங்கள் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளில் சாம்பல் விழுந்தது. நெருப்பு நகரத்தின் விளிம்புக்கு வந்து ஒரு தெருவையே தின்றது. தீயணைப்பு வண்டிகள் குளத்துத் தண்ணீரைக் குழாய் போட்டு உறிஞ்சின. மிச்சத்தை ஹெலிகொப்டர் பெரிய வாளியில் அள்ளிப் போனது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து அம்மா அழுதார். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். தண்ணீர் இல்லாத குளத்தில் யார் பரீட்சை வைப்பது?

வீடு இழந்தவர்கள் அந்த நகரத்து விளையாட்டு மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். அம்மா ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு போனார். "உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்" என்று அப்பாவிடம் சத்தியம் செய்தார். சாப்பிட்டவர்கள் முகம் சிவந்து, தண்ணீர் குடித்து, மறுநாளும் கேட்டார்கள். பாடேமைஸ்டரும் அங்கேதான் படுக்கை போட்டிருந்தார். அவருடைய வீடும் அந்தத் தெருவில்தான் இருந்ததாம். என்னைக் கண்டால் புதுத் தேதி தந்துவிடுவார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அவர் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அடுத்த கோடைக்குள் அந்தத் தெருவில் புதுக் கூரைகள் வந்துவிட்டன. குளத்தையும் நிரப்பினார்கள். திறப்பு நாளில் ஊரே கரையில் கூடி நின்றது. நகர முதல்வர்தான் முதலில் குதிப்பதாக ஏற்பாடு. அவர் நீச்சல் காற்சட்டையோடு வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். பாடேமைஸ்டர் ஒலிவாங்கியை வாங்கினார்.

"போன வருடப் பரீட்சை ஒன்று நிலுவையில் இருக்கிறது. முதலில் அது. மற்றதெல்லாம் பிறகு."

பிறகு என் பெயரைச் சொன்னார்.

"எல்லாத்தையும் திண்ட நெருப்பு என்ரை பேரை மட்டும் விட்டிட்டுதே" என்றேன்.

"வாயை மூடிக்கொண்டு குதி பிள்ளை" என்றார் அப்பா.

குதித்தேன். சளி பிடிக்காமல் இருக்க அம்மா தலையில் அப்பியிருந்த நல்லெண்ணெய் நான் போன வழியெல்லாம் வானவில் காட்டியது. வழக்கமான இடத்தில் வழக்கமான பயம் வந்தது. விளிம்பைப் பிடிக்கக் கையை நீட்டினேன். விளிம்பு முழுக்கக் கால்கள்! ஊர்க்காரர்கள் கால்விரல்களைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நெருக்கமாக நின்றார்கள். ஒரு கை வைக்க இடமில்லை. யாருடைய காலைப் பிடிப்பது? மரியாதைக்காக நீந்தினேன். நாய் நீந்துவது போல, குடித்துக் குடித்து, இருமி இருமி மறுமுனையைத் தொட்டேன்.

கைதட்டல் காதைப் பிளந்தது. பொரித்த கிழங்கு விற்கும் பெண்மணி ஏப்ரனால் கண்ணைத் துடைத்தார். மீசையைத் தடவ மறந்து பாடேமைஸ்டர் நின்றார். நகர முதல்வர்கூட மூக்கை உறிஞ்சினார்.

நான் அப்பாவிடம் ஓடினேன். "பாத்தனீங்களோ, அழுகினம்!"

"ஓமோம். நீ நீந்தின வடிவுக்கு ஆரும் அழுவினம்தான்" என்று துவாயால் என்னைச் சுற்றினார்.

துவாயோடு திரும்பி, மேடையில் ஆடி முடித்தவள் போல ஊருக்குக் குனிந்து வணக்கம் வைத்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தட்டிக்கொண்டே குளத்தைப் பார்த்தார்கள். நான் கிளப்பிய அலை இன்னும் சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக வெறும் குழியாகக் கிடந்த இடத்தில் தண்ணீர் அசைந்தது.

நான் குடித்ததில் எவ்வளவு குறைந்துவிட்டது என்றுதான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, வாயை இறுக மூடிக்கொண்டேன்.