நாலாவது கட்டுரையில் இல்லாதவர்

"டாக்டர் பட்டம் வாங்கிகினு வந்து களைக்கு ஊசி போடப் போறியா?" என்று என் கணவர் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கேட்டுவிட்டு, சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்துகிறவரும் அவரேதான். அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அவர் எனக்குப் பாவாதான். அரக்கோணம் ரயில்வேயில் ஃபிட்டர். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன். காலையில் திருத்தணியில் ஒன்றாக வண்டி ஏறுவோம். அவர் அரக்கோணத்தில் இறங்கிக்கொள்வார், சாயங்காலம் நான் திரும்பும் வண்டியில் அங்கேயே ஏறிக்கொள்வார்.

வேர்க்கடலைக் கொல்லையில் முளைக்கும் களைகள்தான் என் ஆராய்ச்சி. கே.ஜி.கண்டிகைப் பக்கம் போனால் கொல்லைக்காரர்களுக்கு ஒரே குஷி. "நல்லா புடுங்குங்கம்மா, எனக்குக் கூலி மிச்சம்" என்பார்கள். பிடுங்கிய செடியைப் பழைய செய்தித்தாளில் விரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, பெல்ட் போட்டு இறுக்குவது பாவாவின் வேலை. என்னைத் தொடவே விடமாட்டார். "உன் கை பட்டா எல மடங்கிப்பூடும், நகரு" என்று விரட்டுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவர் இறுக்கிய செடிகள் அப்படியே உயிரோடு படுத்திருப்பதுபோல இருக்கும்.

சில வருஷங்களில் மூன்று கட்டுரைகள் ஆங்கில ஆய்விதழ்களில் வந்தன. மூன்றின் கடைசியிலும் ஒரே வரி. "எல்லாப் பயணங்களிலும் உடன் வரும் என் கணவருக்கு நன்றி." அதை அத்தைக்குத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லி ஒவ்வொரு முறையும் அடம்பிடிப்பார்.

"ஆங், போறான், வர்றான், சோறு துன்றான். இதுக்கு ஒரு நன்றியா?" என்பாள் அத்தை. அவளுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பாவாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தெருவே கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்தது. என் மூன்றாவது கட்டுரையில் அதுவும் ஒரு களை. கொல்லையிலிருந்து அதைப் பிடுங்கி இறுக்கியவர் அவர்தான். அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியிலும் சேர்த்தோம். எதுவும் கேட்கவில்லை. மழை விடுவதற்குள் போய்விட்டார்.

நாலாவது கட்டுரைக்கான செடிகளைத் தனியாகப் போய் எடுத்தேன். பாதி இலைகள் மடங்கிப்போயின. எழுதி முடித்து நன்றி வரிக்கு வந்தபோது, கணவர் என்ற சொல்லுக்கு முன்னால் 'மறைந்த' என்று போட வேண்டியிருந்தது. கை ஓடவில்லை. நன்றியே இல்லாமல் அனுப்பினேன். பத்திரிகைக்காரர்கள் கேட்கவில்லை. படித்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில், ஆசிரியராக இருப்பவர்கள் வெளியான கட்டுரைகளையே சேர்த்து ஆய்வேடாகக் கொடுக்க வழி இருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: கட்டுரைகள் வெளியானபடியே இருக்க வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. முன்னுரை மட்டும் புதிதாக எழுதலாம். நாலையும் ஒன்றாகத் தைத்துக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த பரீட்சகர் வயதானவர், தமாஷாகப் பேசுகிறவர். களைகளைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரே மூச்சுல படிச்சேம்மா. மூணு கட்டுரை வரைக்கும் கூடவே வர்ற வீட்டுக்காரரை நாலாவதுல காணோமே. சண்டையா?"

அறையில் சிலர் சிரித்தார்கள்.

"செத்துட்டார் சார்" என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். பட்டம் கிடைத்தது. ரயிலில் வரும்போது அந்த மனுஷனை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அரக்கோணத்தில் வண்டி நின்றது. பாவா ஏறுகிற பெட்டி வாசலில் யார் யாரோ ஏறினார்கள். அப்போதுதான் தோன்றியது, பாவாவைக் காணோம் என்று கவனித்துக் கேட்ட ஒரே ஆள் அந்தக் கிழவர்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

ஆய்வேட்டைப் புத்தகமாகப் போட ஏற்பாடானது. "முன்னுரையில ஒரு வரி சேர்த்துடுங்க. மறைந்த கணவர்னு. அவருக்கும் மரியாதை" என்றார் என் பேராசிரியர். அவர் சொன்னது நியாயம்தான். அச்சகத்தார் அவசரப்படுத்தினார்கள். ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால் முன்னுரையிலேயே அவர் செத்துவிடுவார். அதன் பிறகு வாசிக்கிறவர்களுக்கு முதல் கட்டுரையிலேயே அவர் இருக்கமாட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. முன்னுரை முழுக்கக் களைகளைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில், "கட்டுரைகள் வெளியானபடியே இருக்கின்றன. ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை" என்று முடித்தேன். அச்சுப்பிழையைக்கூடத் திருத்த விடாத அந்த நிபந்தனையை அதற்கு முன் எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன்.

புத்தகம் கைக்கு வந்த அன்று அத்தை அடுப்படியில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவன் பேரு போட்டு கீதா?"

"பேரு இல்ல அத்தே. அந்த நன்றி கீது."

"படி."

முதல் கட்டுரையின் கடைசி வரியைத் தமிழில் படித்தேன். "எல்லாப் பயணங்களிலும் உடன் வரும் என் கணவருக்கு நன்றி."

"ஆங்" என்றாள். இரண்டாவதைப் படித்தேன். மூன்றாவதையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆங் என்றாள். சோறு தின்கிறவனுக்கு எதற்கு நன்றி என்று கேட்கவில்லை. நான் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தேன்.

"நாலுன்னு சொன்னியே. இன்னொண்ணு?"

"அதுல அந்த வரி இல்ல அத்தே."

"ஏன், அந்த வாட்டி அவன் உங்கூட வரலியா?"

"வரல அத்தே."

அத்தை புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"மறுபடியும் மொதல்லேர்ந்து படி" என்றாள்.