அக்காவின் உயரத்தில் ஒரு சைக்கிள்: தன்னாமுனைக்குப் போய் வந்த கதை

இந்தப் பக்கத்தில் நான் எழுதிய மற்றப் பயணங்களெல்லாம் ஆசைப்பட்டுப் போனவை. இது அப்படியல்ல. மட்டக்களப்புக்கு வடக்கே தன்னாமுனையில், குழாய் வாங்கிக் கையாலேயே சைக்கிள் பிரேம் செய்யும் ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே என் அக்கா ஒரு சைக்கிள் செய்யக் கொடுத்திருந்தாள். மாசியில் டெங்குக் காய்ச்சல் வந்து அவள் இறந்துவிட்டாள். பாதியில் நிற்கும் சைக்கிளை என்ன செய்வது என்று சொல்ல ஆனியில் நான் போனேன்.

அக்கா பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். நல்ல உயரம். கடைச் சைக்கிள் எதில் ஏறினாலும் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது என்று புலம்புவாள். நானோ குள்ளம். "உன்னக் கூடையில வெச்சுக் கொண்டு போவன்" என்று சீண்டுவாள். சைக்கிள் முடிந்ததும் இருவருமாகக் களுதாவளைப் பிள்ளையார் கோயில்வரை ஓட்டிப் போவதாகப் பேச்சு.

கொழும்பு கோட்டையில் காலை ஆறு மணி தாண்டிப் புறப்பட்ட ரயில், பிற்பகல் மூன்றரைபோல மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். நான் செய்யாமல் பொலன்னறுவைவரை நின்றே வந்தேன். நிலையத்திலிருந்து தன்னாமுனை ஏழு கிலோமீற்றர். பஸ்ஸுக்கு ஐம்பது ரூபாய், ஆட்டோவுக்கு எழுநூறு. பையோடு பஸ்ஸில் ஏறத் தெம்பில்லாமல் ஆட்டோ பிடித்தேன். ஆனியின் கச்சான் காற்று அடுப்பை ஊதினாற்போல முகத்தில் அடித்தது.

"இதால கிறுகட்டா?" என்று சந்தியில் கேட்டுத் திருப்பிய ஓட்டுநர், இங்கே சொந்தக்காரர் இருக்கிறார்களா என்றும் கேட்டார். இருந்தார்கள் என்றேன். அவர் ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்.

பட்டறையை நடத்துபவர் ஜெனட். நாற்பத்தைந்து வயதிருக்கும். மட்டக்களப்பு நகரத்தில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பத்தில் பிறந்து தன்னாமுனைக்குக் கலியாணம் முடித்து வந்தவர். வயதில் மூத்த பெண்ணை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினேன்.

இரும்புத் தாங்கியில் அக்காவின் பிரேம் பூட்டப்பட்டிருந்தது. குழாய்களை வெட்டிப் பொருத்தியாகிவிட்டது. இன்னும் பித்தளை உருக்கி ஒட்டவில்லை.

"பித்தளை ஓடிட்டுதெண்டா மறுகா ஒண்டும் மாத்த ஏலா பிள்ள. அதான் நிப்பாட்டி வெச்சிருக்கன்."

இப்படியே முடித்துத் தரலாம், அல்லது என் அளவுக்கு வெட்டலாம் என்றார். அக்காவை அளந்த அதே நாடாவால் என்னையும் அளந்தார். பிரேமுக்கு இருபக்கமும் காலூன்றி நான் நிற்க ஐந்து சென்ரிமீற்றர் குறைய வேண்டும். ஆனால் மூன்றுதான் வெட்டலாமாம். குழாயின் முனை மட்டும் சற்றுத் தடிப்பு. நடுப்பகுதி நகத்தளவு மெல்லியது. அங்கே ஒட்டினால் நெருப்பில் எரிந்து, பிறகு ஓட்டும்போது முறிந்துவிடும் என்றார்.

அன்றைக்கு வேலை நடக்கவில்லை. கச்சானில் சுவாலை சாய்ந்து சூடு ஓரிடத்தில் நிற்காதாம். காற்று எழும்புமுன் காலை ஆறரைக்கு வரச் சொன்னார். பக்கத்து வீட்டு அறை ஒன்றில் மூவாயிரத்து ஐந்நூறுக்குத் தங்கினேன்.

இப்படியே முடித்து வாங்கி, வீட்டுச் சுவரில் மாட்டுவதாகத்தான் நினைத்து வந்திருந்தேன். படுத்துக்கொண்டு அந்தச் சுவரை நினைக்க எனக்குக் கோபம் வந்தது. அக்கா ஒரு இடத்தில் இருந்தவளே இல்லை. அவளுடைய சைக்கிள் மட்டும் ஆணியில் தொங்க வேண்டுமா?

காலையில் வெட்டச் சொன்னேன். ஜெனட் மூன்று சென்ரிமீற்றரைக் குறித்துவிட்டு வாளை எடுத்தார். வாள் ஓடி முடிந்ததும் சீட் குழாயிலிருந்து சின்ன வளையம் ஒன்று மேசையில் விழுந்து உருண்டது. அக்காவுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசத்தில் முக்கால்வாசிகூட இல்லை அது. ஓரத்தை அரத்தால் தேய்த்து என் கையில் தந்தார். மற்றக் குழாய்களையும் அதற்கேற்பச் சரிசெய்து பூட்டினார்.

மூட்டில் வெங்காரப் பசையைப் பூசிச் சுவாலையைப் பிடித்தார். இரும்பு சிவந்ததும் பித்தளைக் கம்பியைத் தொட, அது உருகி மூட்டைச் சுற்றித் தானாக ஓடியது. இனி ஒன்றும் மாற்ற முடியாது என்று தோன்றியதும் நான் சத்தமாக அழுதுவிட்டேன். ஜெனட் நெருப்பை எடுக்கவில்லை.

"அழு பிள்ள. எனக்கு இப்ப கிறுக ஏலா."

மூட்டு முடியும்வரை அவர் திரும்பவில்லை. நானும் அழுது முடித்தேன். அதன்பின் இருவரும் தேநீர் குடித்தோம்.

நீங்களும் சைக்கிள் செய்யக் கொடுப்பதாக இருந்தால், ஓட்டப்போகிறவரையே கூட்டிப் போங்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு அளவு கொடுங்கள். ஆனி, ஆடியில் போனால் ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், காற்று ஓய்ந்தால்தான் வேலை. இருவர் சேர்ந்து போக நினைத்த இடமிருந்தால், சைக்கிள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பஸ்ஸில் போய்விடுங்கள்.

ஆவணியில் போய்ச் சைக்கிளை எடுத்தேன். தன்னாமுனையிலிருந்து களுதாவளைக்கு முப்பது கிலோமீற்றர் சொச்சம். வாவிப் பாலம் தாண்டி, வழியில் நாலு இடத்தில் தண்ணீருக்கு நின்றேன். வெட்ட முடியாத அந்த இரண்டு சென்ரிமீற்றர் அப்படியே இருப்பதால், நிற்கும்போதெல்லாம் நுனிவிரலைத்தான் ஊன்ற வேண்டியிருந்தது. கோயில் வாசலில் நிறுத்தும்போது கால் எட்டாமல் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தேன். கூடையில் வைத்துக் கொண்டு போவேன் என்று சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.