அவள் எழுந்து நிற்கும் உயரம்

கன்னியாகுமரி லாட்ஜின் பின்வாசலைத் தாண்டி பஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். மேனேஜர் மாடியிலிருந்து கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அரைநாள் லீவு கேட்டதற்கு, சீசன் நேரத்தில் கிடையாது என்றிருந்தார். சரி, வேலையே வேண்டாம் என்று சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு விட்ட வேலைகளை எண்ணி வைக்கவில்லை. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையை விட்டு நடந்தது அன்றைக்குத்தான்.

காலையில் மனைவி போன் செய்திருந்தாள். "நாளைக்கு கொத்தனாரு பூசப் போறாராம். எந்த கக்கூசுன்னு இன்னைக்கே முடிவு சொல்லணுமாம். பூசியாச்சுன்னா பெறவு சொவர ஒடைக்க மாட்டேன்னு சொல்லுகாரு."

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு அறையுள்ள வீடு. கக்கூஸ் வெளியே, பின்னால், குந்தி உட்காருகிற வகை. மினி பஸ் இடித்து அவளுடைய வலது முட்டியில் கம்பி வைத்த பிறகு அந்தக் கால் மடங்காது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத்தான் உட்காருவாள். எழுந்திருக்க யாராவது கை கொடுத்துத் தூக்க வேண்டும். நான் ஊரில் இருந்தால் நான், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி. அந்த அம்மாள் வயலுக்குப் போன நாட்களில் இவள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவாள். அவளாகச் சொன்னதில்லை. குடத்தில் தண்ணீர் குறையாததைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். அதனால்தான் வீட்டுச் சுவரோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்டத் தொடங்கினோம். யாரையும் கூப்பிடாமல் அவள் எழுந்து வர வேண்டும். வேறு எதுவும் எங்களுக்கு வேண்டாம்.

எனக்கு எங்கே என்றாலும் ஒன்றுதான். பாறை மறைவில், தண்டவாள ஓரத்தில், வேலைக்குப் போன வெளிநாட்டு கேம்பில் வாளியோடு வரிசையில் நின்று, எல்லாம் ஆயிற்று. ஆனால் லாட்ஜின் புதிய மாடியில் சுவரில் மாட்டிய க்ளோசெட்டுகளைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நின்றது. தரையில் கால் இல்லை. துடைப்பத்தை அடியில் விட்டு நேராகத் தள்ளிக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றா என்று நினைக்கவே சிரிப்பு வந்தது.

நாகர்கோவிலில், நான் வரச் சொல்லியிருந்த பாத்ரூம் சாமான் கடை வாசலில் அவள் ஆட்டோவிலிருந்து ஊன்றுகோலோடு இறங்கினாள். நேராக, சுவரில் மாட்டுகிற வகை இருந்த வரிசைக்குக் கூட்டிப்போனேன்.

"இதா? அந்தரத்துல நிக்கு. நான் இருந்தா பிச்சுக்கிட்டு வந்துராதா?"

கடையில் வேலை செய்த பெண் சொன்னாள்: "அக்கா, இத தாங்குகதுக்கு சொவருக்குள்ள இரும்பு ஃப்ரேம் உண்டு. ஆனை இருந்தாலும் அசையாது."

"ஆனை எதுக்கு இங்க வந்து இத வாங்கப் போகுது?"

கூச்சப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ மூடியை இறக்கி, காலை நீட்டி, ராணி மாதிரி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நான் கையை நீட்டியதும் ஊன்றுகோலால் ஒரு தட்டு.

"கைய எடுங்க. நீங்க தூக்கணும்னா எதுக்கு இத வாங்கணும்?"

மறுபடி முயன்றாள். முடியவில்லை. முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுல உள்ள நாற்காலியே போதும்" என்றாள்.

"அக்கா, இது நாங்க காட்டுகதுக்கு மாட்டி வச்ச உயரம்லா" என்றாள் அந்தப் பெண். "ஃப்ரேம ஏத்தலாம், எறக்கலாம். உங்களுக்கு எது சரியோ அந்த உயரத்துல மாட்டலாம்."

இத்தனை மாதம் அந்த லாட்ஜில் துடைத்தேன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

டைல்ஸ் அட்டைப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினோம். அவள் உட்கார்ந்தாள். தாழ்வு. இன்னொரு பெட்டி. இன்னும் தாழ்வு. குழாய் வாங்க வந்த ஒருவர் கையில் குழாயோடு நின்று வேடிக்கை பார்த்தார். அடுத்த பெட்டி வைத்ததும் அவள் கோலை ஊன்றி, பல்லைக் கடித்து, எழுந்து நின்றுவிட்டாள். தனியாக. உடனே உட்கார்ந்து மறுபடியும் எழுந்தாள். பிறகு மறுபடியும்.

"போதும் பிள்ளே, டைல்ஸ் ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா நீங்க பாத்துக்கிடுங்க."

கடைப் பெண் ஊன்றுகோலைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அந்த மட்டத்தில் கோலிலேயே ஒரு பென்சில் கோடு போட்டுக் கொடுத்தாள். நான் கறுப்பு நிறம் கேட்டேன். எங்கள் ஊர்த் தண்ணீருக்குக் கறுப்பில் உப்புக்கறை வெள்ளையாகத் தெரியும் என்றாள். வெள்ளையே எடுத்தோம்.

சாயங்காலம் கொத்தனார் ஃப்ரேமைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கரண்டிக் காம்பால் வீட்டுச் சுவரைத் தட்டினார். "குழாயெல்லாம் இங்கதான் வருது. இந்தச் சொவரக் கொத்தித்தான் வைக்கணும்."

அவள் நின்றுவிட்டாள். அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் எங்கள் கண்ணாடியும் விளக்கும். அய்யாவழி வீடு எங்களுடையது; சாமி படம் கிடையாது, கண்ணாடிதான். அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுதான் தினமும் கும்பிடுவாள். தரையில் நிற்கிற க்ளோசெட் என்றால் சுவரைத் தொடாது என்று மனசைத் தேற்றி வைத்திருந்தாள். மாட்டுகிற வகையைப் பார்த்த மகிழ்ச்சியில் இரண்டு பேரும் இதை மறந்துவிட்டோம்.

"கண்ணாடிக்க பொறத்தால கக்கூசு தொங்கவா? எனக்கு வேண்டாம்."

"கண்ணாடிய மாத்துவோம்" என்றேன்.

"எங்க? அடுக்களையிலயா?"

கொத்தனார் சுவரிலிருந்து முன்னால் ஒரு சாண் அளந்து பார்த்தார். "மைனி, இந்தச் சொவரத் தொடாண்டாம். இத்திரி எடம் விட்டு முன்னால தனியா ஒரு குட்டைச் சொவர் கட்டுவோம். ஃப்ரேம் தரையில நிக்கட்டும், அந்தக் குட்டைச் சொவருக்குள்ள. ஆனா பாத்ரூம் முறி சின்னதாகும். உங்களுக்குக் கால் நீட்டணும்லா?"

குட்டைச் சுவர் வருகிற இடத்தை விட்டுத் தள்ளி, பென்சில் கோடு மட்டத்துக்குச் செங்கல் அடுக்கினோம். அவள் உட்கார்ந்து காலை நீட்டினாள். பாதம் வாசல்வரை வந்துவிட்டது. உள்பக்கம் திறக்கிற கதவு அந்தப் பாதத்தில் இடிக்கும். மூன்று பேரும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கதவு வெளிய தெறந்தா என்ன?" என்றாள்.

"நிலையப் பேத்துத் திருப்பி வைக்கணும்."

"பேத்துருங்க."

"என் ஒருத்தனால ஆவாது மைனி. கையாளு, கடல்ல மீன் பாடு நல்லாருக்குன்னு கடியப்பட்டணத்துக்குப் போயிட்டான். ஆளு கெடைக்கட்டும், அடுத்த வாரம் பாப்போம்."

அவள் என்னைக் காட்டினாள். "ஆளு இருக்கு. இன்னைக்கு காலையிலதான் வேலைய விட்டுட்டு வந்து நிக்கு."

கொத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓய், நான் ஏசுவேன். மைனிக்க முன்னால வச்சே ஏசுவேன்."

"லாட்ஜுல கேக்காத ஏச்சா" என்றேன்.

மறுநாள் காலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையாளாக நின்றேன். முதலில் நிலையைப் பெயர்த்தோம். பிறகு கொத்தனார் ஊன்றுகோலைக் கேட்டார், அளவுக்கு. அவள் அதைக் கொடுத்துவிட்டு, நேற்று அடுக்கிய செங்கல்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இந்த வேலையில எத்தன நாளு நிப்பீங்களோ?" என்றாள்.

"நீ உள்ள போயி, என்னக் கூப்பிடாம வெளிய வாறது வர."

"ஏய் கையாளே, பேச்சு வேண்டாம்" என்றார் கொத்தனார். "கலவை காயுது."

சட்டியை நிரப்பித் தலையில் ஏற்றினேன்.