பலகையில் ஒட்டிய சங்குகள்

ஒரு டீச்சரின் மூன்று மாத விடுப்புக்குப் பதிலாளாகப் பாலர் பள்ளிக்குள் நுழைந்தவள், பத்தொன்பது வருடமாக அங்கேயே இருந்துவிட்டாள். எண் கற்றுக்கொடுக்க அவளுக்குச் சங்குகள்தான். மாதம் ஒருமுறை பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவாள். கட்டைவிரல் பருமனில் கிடக்கும் சுருள் சங்குகளை டப்பா டப்பாவாகப் பொறுக்கி வருவார்கள். தெருவில் அவள் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சங்கு டீச்சர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த வருடம் பள்ளியில் கடலைப் பற்றிக் கண்காட்சி. அவள் வகுப்புக்குக் கதவளவு பலகை. பிள்ளைகள் மூன்று வாரம் மெனக்கெட்டு, முந்நூறு சங்குகளின் வாய் நிறையப் பசை வைத்துக் குப்புற ஒட்டி, 'கடலைக் காப்போம்' என்று எழுதினார்கள். கடைசி 'ம்' எழுத்தின் புள்ளிக்கு ஒரே ஒரு சங்கு குறைந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் அதற்காக மறுபடி கடற்கரைக்குப் போனார்கள். முன்பெல்லாம் குனிந்த இடத்தில் கிடைத்தது, அன்று தேடியும் அகப்படவில்லை.

"டீச்சர், தொப்பி போட்ட நண்டு!"

பாறை இடுக்கிலிருந்து கூப்பிட்டது தையல்காரியின் மகள், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. நகத்தளவு நண்டு ஒன்று நீல பாட்டில் மூடியை முதுகில் இழுத்துக்கொண்டு போனது. மூடிக்கு வெளியே அதன் மெத்தென்ற வால் தெரிந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்த நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது, காலிச் சங்கு பார்த்துக் குடியேறும் என்று வருடா வருடம் வகுப்பில் கதை சொல்பவளே டீச்சர்தான்.

"மூடிய ஏன் டீச்சர் போட்டிருக்கு?"

"வீடு கிடைக்கல போல."

"வீட்டையெல்லாம் யாரு எடுத்தா?" என்றாள் தையல்காரியின் மகள்.

இருபத்திரண்டு பிள்ளைகளின் கைகளில் இருபத்திரண்டு டப்பாக்கள்.

"நேரமாச்சு, கிளம்புங்க" என்றாள் டீச்சர்.

சாயங்காலம், பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" அவள் நண்டைப் பற்றிச் சொன்னாள். "ஊரே கடல்ல குப்பையக் கொட்டுது, நாலு சங்கு எடுத்த நீதான் குத்தவாளியா?"

"நாலு இல்லங்க. பத்தொன்பது வருஷம். பலகையில ஒட்டினதையாவது எடுத்துத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடணும்."

"நாளைக்குப் பலகையில கை வெச்சேன்னு வை, உன் வேலைக்கே சங்கு ஊதிடுவாங்க." சொன்னானே தவிர, அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மணியடிக்கும் முன்பே தலைமை ஆசிரியையின் அறையில் போய் நின்றாள்.

"விளையாடுறியாம்மா? பத்து மணிக்குப் பெத்தவங்க வர்றாங்க. முடியட்டும், அப்புறம் எதையாவது பண்ணு."

"கேள்வி கேட்ட பிள்ளை அந்தப் பலகை முன்னாடிதான் நிக்கும் மேடம். நான் அது முகத்த எப்படிப் பாக்குறது?"

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வர்றவங்களுக்கு நீதான் பதில் சொல்லணும். நான் வரமாட்டேன்."

டீச்சர் வகுப்புக்கு வந்து பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வார்த்தைகள் காலை வாரிவிட்டன.

"யாரு எடுத்தான்னு நேத்து கேட்டியே. நான்தான் எடுத்தேன். உங்களையும் எடுக்க வெச்சேன்."

"திருடினீங்களா டீச்சர்?" என்றான் ஒருவன்.

"தெரியாம..." என்று தொடங்கி நிறுத்தினாள். "இல்ல. தெரிஞ்சுதான் எடுத்தேன். யோசிக்கல. பலகையில ஒட்டினத எல்லாம் எடுத்து நண்டுக்கே திருப்பிக் குடுத்துடலாம்."

இன்னொருத்தி அழத் தொடங்கினாள். நண்டுக்காக இல்லை. "நான் ஒட்டின 'கா'வ உடைக்காதீங்க டீச்சர்!" டீச்சர் அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வந்த பெற்றோர் முற்றத்தில் வெந்நீர்த் தொட்டிகளைத்தான் பார்த்தார்கள். பிள்ளைகள் ஈர்க்குச்சியால் சங்குகளின் வாயிலிருந்து பசையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். "இதுக்கா லீவு போட்டு வந்தேன்?" என்று ஒரு தகப்பன் முணுமுணுத்துவிட்டுப் போனான். தையல்காரி தன் மகளிடம் ஏதோ கேட்டாள். பிறகு ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பாதிக்கு மேல் உடைந்தன. சிலவற்றில் பசை கல்லாகியிருந்தது. நூறு தேறியிருக்கும். மதியம் அவற்றைக் கடற்கரைப் பாறையடியில் பரப்பிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"நண்டு வருமா டீச்சர்?"

முன்பாக இருந்தால் 'வரும்' என்று சொல்லியிருப்பாள்.

"தெரியலடா கண்ணு" என்றாள்.

தையல்காரியின் மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு நெருங்கி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.