தாசையன் சாரின் ஒன்பது சதுரங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது செல்போனில் ஒரு செய்தி வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஷைலஜா அனுப்பியிருந்தாள். ஆங்கில எழுத்தில், மலையாளத்தில், மூன்றே சொற்கள்: "தாசையன் சார் போயி." திருவனந்தபுரத்தில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். மலையாளத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறியும் இருக்கிறேன். அப்படியும் "எங்கே?" என்று திருப்பிக் கேட்டேன். ஓய்வு பெற்ற மனிதர், பேத்தியைப் பார்க்க எங்காவது கிளம்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அவள் பதில் எழுதவில்லை. போன் செய்தாள். செய்துவிட்டு அழுதாள். அப்போதுதான் எந்தப் போக்கு என்று எனக்கு உறைத்தது.

காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மடியில் நூல் இருந்ததாம். இருக்காமல் எப்படி?

நம் ஆபீஸில் அவரோடு இருந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறடி உயரம், கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே பழகிய கழுத்து, எருமைக் கொம்பு மாதிரி மீசை. கேரள எல்லையில் களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு ஊர். எங்கள் செக்‌ஷனில் சீனியர் கிளார்க். இந்த மனிதரின் பொழுதுபோக்கு குரோஷா பின்னுவது. அம்மாவும் அத்தைகளும் வீட்டில் உட்கார்ந்து லேஸ் பின்னுவதைப் பார்த்து, ஏழு வயதில் ஒரு கொக்கி ஊசியைத் திருடிக்கொண்டு போய்த் தானே கற்றுக்கொண்டது என்று சொல்வார். மதியம் ஒரு மணிக்கு மணி அடித்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடியும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கார்பன் பேப்பர் மை வெள்ளை நூலில் ஏறிவிடுமே! உள்ளங்கையில் கொஞ்சம் பவுடர். அப்புறம் மேஜைக்கடியிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கு வெளியே வரும். அதற்குள் நூல்கண்டு. மூடியின் ஓரத்தில் போட்ட சின்ன ஓட்டை வழியாக நூல் வரும். கண்டு தரையில் உருளாது, அழுக்காகாது. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அவர் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து சேமியாவை உருவுகிறார் என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறோம்.

வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி, நன்றாகத் தமிழ் பேசுவார், ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டார், "ஆம்பளையா பொறந்துட்டு இது என்னய்யா வேலை?" நாங்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டோம். சார் குனியவில்லை. ஊசியைக்கூட நிறுத்தவில்லை. "விழிஞ்ஞத்துக்கு ஒருக்கா போயிப் பாருங்க சார். கடப்புறத்துல இருந்து வலை பின்னுதது பூரா ஆம்பளதான். அவனுக்கு ஓட்டை பெருசு, எனக்கு ஓட்டை சின்னது. அவ்வளவுதான் வித்தியாசம்." அதே அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, அவருடைய அடிபட்ட வெந்நீர் பிளாஸ்குக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒரு பச்சைச் சட்டை பின்னிக் கொடுத்தார். பெட்டி படுக்கை எல்லாம் கூலியாளிடம் கொடுத்த அந்த மனிதர், பிளாஸ்கை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன், பார்த்தேன்.

அவர் கொடுப்பதில் ஒரு முறை உண்டு. என்ன வேண்டும் என்று யாரிடமும் கேட்க மாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். டைப்பிஸ்டுக்கு நாற்காலி முதுகில் குத்துகிறது என்று கண்டுபிடித்து ஒரு உறை. ஷைலஜாவின் குழந்தைக்குக் காதை மூடும் தொப்பி. உடைந்த குடைக் கைப்பிடியில் கையைக் கிழித்துக்கொள்ளும் பியூனுக்கு அதற்கொரு உறை. "கடையில வாங்கிக் குடுத்தா, எங்க வாங்கினதுன்னு கேப்பாங்க. பின்னிக் குடுத்தா, எப்பம் பின்னினதுன்னு கேப்பாங்க. எப்பம்னு கேட்டாச்சுன்னா, நம்மள நெனச்சாச்சுன்னு அர்த்தம்" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "இதுல ஒரு சுகம் என்னன்னா மேடம், தப்பாப் போனா உருவிரலாம். ஒரு இழுப்பு, பழையபடி நூலு. வேற எதை இப்படி உருவ முடியும், சொல்லுங்க?"

உருவ முடியாத ஒன்றை அவருக்குச் செய்தவள் நான்தான்.

தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி, ஸ்ரீவராகத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, ஆபீஸில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது சார் ஒரு பெரிய கட்டில் விரிப்பு பின்னிக்கொண்டிருந்தார். வெள்ளை நூலில் எழுபத்திரண்டு சதுரங்கள், ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பூ. அஞ்சு மாத வேலை. அவருடைய தங்கை ஞானம்மாளின் மகளுக்குக் கல்யாணப் பரிசு. சாதாரணப் பரிசு இல்லை. அண்ணனும் தங்கையும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அம்மா இறந்த வீட்டில், ஊரார் முன்னிலையில், "அம்மையை நீ ஒரு நாளு பாத்தியா?" என்று சார் தங்கையைப் பார்த்துக் கேட்டுவிட்டார். அத்தோடு முடிந்தது. இப்போது கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்திருந்தது, கூட ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல். "வாயை வச்சிட்டுப் போனா நான் இன்னொரு சண்டைதான் போடுவேன். அதனால கையை வச்சிட்டுப் போறேன்" என்று சொல்லித்தான் அந்த விரிப்பைத் தொடங்கியிருந்தார்.

சதுரங்களை விரித்து இணைக்க ரெக்கார்டு ரூமில்தான் பெரிய மேஜை இருந்தது. வேலை முடிந்ததும் பழுப்புக் காகிதத்தில் பொதிந்து, கயிறு கட்டி, அங்கேயே சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பழைய பைல்களைக் கழித்து எரிக்கும் வேலை வந்தது. மேற்பார்வை என்னுடையது. சுவரில் இருந்ததெல்லாம் இறக்கிக் கீழே போட்டிருந்தோம். ஒரே தூசி. அதிகாரி கூப்பிடுகிறார் என்று அவசரமாகக் கிளம்பிய சார், வாசலில் திரும்பி, "மேடம், அந்தப் பழுப்புப் பொதிய மறக்காம கொளுத்திருங்க. கீழ கெடந்தா எலி கடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஊரிலும் அவர் ஊரிலும் கொளுத்து என்றால் கொக்கி. கொளுத்திவிடு என்றால் மாட்டிவிடு. தஞ்சாவூரில் பிறந்தவளுக்குக் கொளுத்து என்றால் ஒன்றுதான் தெரியும். எரிக்கிற நாள், எரிக்கிற வேலை, எலி வேறு கடிக்கும் என்கிறார். அந்தப் பொதிக்குள் இருப்பது விரிப்பு என்று எனக்குத் தெரியாது. எனக்கு எதிலும் அவசரம், பிறவிக் குணம். பின்புறம் பலாமரத்தடியில் எரிந்துகொண்டிருந்த குவியலில், என் கையாலேயே, பொதியைத் தூக்கிப் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மூக்கில் ஏறியது. காகிதம் எரியும் வாசனை வேறு, துணி எரியும் வாசனை வேறு. குச்சியால் கிளறியபோது ஒரு பூ கறுத்துச் சுருண்டுகொண்டிருந்தது.

அவர் வந்து வெற்று ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே புகையைக் காட்டினேன். ஆறடி மனிதர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் அழ ஆரம்பித்தேன். "இதை உருவ முடியாதே சார்" என்று என்னவோ உளறினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கரையாதீங்க மேடம், கண்ணத் தொடைங்க. நான் கொளுத்தச் சொன்னேன், நீங்க கொளுத்தினிய. இந்த ஆபீஸ்ல சொன்னதச் செய்யுத ஒரே ஆளு நீங்கதான்."

பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து தூக்கைத் திறந்தார். "இன்னைய விட்டா ஒம்பது நாளு. நாளுக்கொரு சதுரம். ஒம்பது சதுரம்னா ஒரு டீப்பாய் விரிப்பு ஆச்சு." முதல் சங்கிலி போட்டு வளையமாக இணைத்தார்.

பாவத்துக்குப் பரிகாரமாக நானும் பின்னுவேன் என்று அடம்பிடித்தேன். ஒரு ஊசி கொடுத்தார். நான் போட்ட சங்கிலி எவ்வளவு இறுக்கம் என்றால், அடுத்த சுற்றுக்கு ஊசி நுழையவே இல்லை. "மேடம், இது நூலு. உங்க நாத்தனாரு கழுத்து இல்ல" என்று சொல்லி உருவினார். மறுநாளும் உருவினார். மூன்றாம் நாள் மரியாதையாக ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் என் பங்கு கஞ்சி. வீட்டில் சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, பாட்டிலில் கொண்டுபோவேன். அதில் தோய்த்து, அட்டையில் குண்டூசியால் நான்கு மூலையும் இழுத்துக் குத்திக் காயவைப்பார். என் மாமியார் மட்டும் கேட்டார், "ஆத்துல இருக்கற கஞ்சி எல்லாம் ஆபீஸுக்கு எதுக்குடி போறது?" உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து கஞ்சியை அவரே வடிகட்டிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த சார், புதன்கிழமை ஆபீஸுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். மதியம்வரை பொறுக்கவில்லை, என் மேஜைக்கே வந்து சொன்னார்.

"தங்கச்சி பந்தல் வாசல்ல நின்னா. பொதிய வாங்கி, பிரிச்சு, ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்சுப் பாத்தா. பாத்துட்டு, 'இவ்வளவுதானா?'ன்னு கேட்டா மேடம்! பதினோரு வருசத்துல முத வார்த்தை. பொறவு நான் சும்மா இருக்க முடியுமா?"

பந்தல் வாசலிலேயே நின்று முழுக்கதையையும் சொல்லியிருக்கிறார். கொளுத்து, தஞ்சாவூர், பலாமரம், கஞ்சி எல்லாம். தங்கை முதலில் முறைத்தாளாம். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்து, சிரித்த வேகத்தில் அழுது, அண்ணன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாளாம். "எழுபத்திரெண்டு சதுரமும் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பா தெரியுமா? நல்லாருக்குன்னு சொல்லி பீரோவுல வச்சிட்டு, சோறு போட்டு அனுப்பியிருப்பா." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். ஆபீஸில் அவர் கை படாத வீடு இல்லை. எனக்கு மட்டும் எதுவும் பின்னித் தரவில்லை. நான் வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்திருக்கிறேன். "உங்களுக்கா? குடுத்தா கொளுத்திருவிய" என்பார். அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனாலும் அவர் ஓய்வு பெற்ற அன்று, எல்லோருக்கும் ஒரு சின்ன உறையோ பூவோ கொடுத்து, என்னிடம் வெறும் கையைக் குவித்து விடைபெற்றபோது, எனக்கு உள்ளே சுருக்கென்றது. இப்போது சொல்வதில் தப்பில்லை.

அடக்கத்துக்கு நானும் ஷைலஜாவும் போனோம். பெட்டியில் படுத்திருந்தபோதும் மீசை மட்டும் விறைப்பாக இருந்தது. தலைமாட்டில் ஒரு சின்ன மேஜை, அதில் படமும் மெழுகுவத்தியும். அவற்றுக்குக் கீழே விரித்திருந்தது அந்த ஒன்பது சதுரங்கள். தங்கை மகள் வீட்டிலிருந்து அன்று காலை கொண்டுவரச் செய்தார்களாம். நன்றாகத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு ஒரு அம்மாள் வந்து என்னை உற்றுப் பார்த்தார். நான் பெயரைச் சொல்லத் தொடங்கியதுமே கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா? தஞ்சாவூரு மேடம்?"

ஞானம்மாள். என்னைப் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனார். "இவங்கதான். அண்ணன் தப்பா சொன்னதக் கேட்டு கொளுத்தினவங்க. பாவம், சோறு தண்ணி இல்லாம இருந்து, இதுல நாலு சதுரம் இவங்க போட்டது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்திலிருந்த அவர் மகள், அன்றைக்குக் கல்யாணப் பெண்ணாக இருந்தவள்தான், "எது நாலு, இவங்க போட்டது?" என்று கேட்டாள். ஞானம்மாள் கொஞ்சமும் தயங்கவில்லை. மெழுகுவத்தியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"நாலு மூலையும். அண்ணனே காட்டித் தந்ததாக்கும். 'எனக்க கையவிட அந்தம்மைக்க கை சுத்தம்'னு எப்பவும் சொல்லும்."

நான் வாயைத் திறந்தேன். ஒரு கண்ணிகூட என்னுடையது இல்லை, கஞ்சி மட்டும்தான் என்று சொல்ல வந்தேன். சாரைப் பார்த்தேன். எத்தனை வருடமாக, எத்தனை பேரிடம், இந்தப் பொய்யை முகம் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

குனிந்து அந்த நான்கு மூலைகளையும் பார்த்தேன். மற்றவற்றைவிட நன்றாகத்தான் இருந்தன. "ஆமாம்," என்றேன், "நான் போட்டதுதான்."