மாமாவின் பாட்டுப் பரீட்சை

அக்காவின் மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு அளவே கிடையாது. எல்லாம் மாமாவின் கம்பியூட்டரால் வந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. ரெம்பாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கி, சிரம்பானில் கம்பியூட்டர் பழுது பார்க்கும் கடைக்கு வேலைக்குப் போய்வந்தார். கம்பியூட்டரில் நேராகப் பாட்டு கேட்டால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதாம். அதனால் ஒரு சின்னப் பெட்டியை அதில் செருகி, அந்தப் பெட்டியில் ஹெட்போனை மாட்டுவார். சத்தம் கெடும் என்று காத்தாடியைக்கூட நிறுத்திவிடுவார்; நாங்கள் வேர்த்து வழிவோம்.

ஞாயிறு மத்தியானம் பரீட்சை நடக்கும். ஒரே பாட்டை இரண்டு விதமாக வைத்திருப்பார். ஒன்று, இடம் அடைக்காமல் இருக்கச் சுருக்கியது; மற்றது, ஒன்றையும் குறைக்காமல் முழுசாக ஏற்றியது. எது எதுவென்று கேட்டே சொல்ல வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அக்கா ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. காதுன்னா இவ காதுதான்லா என்று மாமா அவளைக் கொண்டாடுவார். எனக்கு வயிறு பற்றி எரியும்.

பொறாமை பிடித்தவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். அக்கா பாட்டைக் கேட்பதே இல்லை, பெட்டியில் எரிகிற சின்ன விளக்கைத்தான் பார்க்கிறாள் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். முழுப் பாட்டுக்கு நீலம், சுருக்கியதற்குச் சிவப்பு. திரையையே பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு இது தெரியவில்லை. கள்ளி! அடுத்த ஞாயிறு, யாரும் பார்க்காதபோது விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவைத்தேன்.

அன்று அக்கா வரிசையாகத் தப்பாகச் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா நம்பவில்லை. ஹெட்போன் வயர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அதை அக்காவின் காதிலிருந்து கழற்றாமலே இடது பக்கம் மட்டும் பாட்டு வரும்படி வைத்துப் பார்த்தார். அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இன்னும் போடலையா?"

மாமா ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடம் வலம் மாற்றி அவளுக்கு மாட்டினார். இப்போது கேட்கிறது என்று அவள் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. எழுந்துபோய் அம்மாவைக் கூட்டி வந்தார்.

மறுநாள் அக்காவுக்கு மட்டும் பள்ளிக்கூடம் இல்லை. காரில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது அவள் கையில் புதுப் பென்சில் பெட்டி இருந்தது. அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு ஊட்டினார், பதினோரு வயதுப் பெண்ணுக்கு! அவளுக்கு இடது காது கேட்காது, இனிமேலும் கேட்காது என்று மாமா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. இதற்கா இத்தனை கவனிப்பு? எனக்குத் தாங்கவில்லை. அம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கும்தான் ஒரு காது கேக்கல. என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அதுவரை என்னைக் கை நீட்டி அடித்தறியாத அம்மா, ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு அவரே அழ ஆரம்பித்தார். அடி வாங்கியது நான், அவர் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அக்காதான் எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவினாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.